மாமியார் பெட்டியும் மன்ஹைம் வண்டியும்

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் குடியிருக்கும் கோபாலசாமி ஒரு முடிவு எடுத்தார். உடம்பில் உயிர் இருக்கிறவரைக்கும் அந்தச் சாவி இன்னொருத்தர் கைக்குப் போகாது. முடிவு எடுத்த இடம் பேர்லேண்ட் மீனாட்சி கோயில் வாசல். சாட்சிக்கு, சக்கரங்களின் கீழே நசுங்கிக் கிடந்த நாலு எலுமிச்சம்பழம்.

பஞ்சாங்கம் பார்த்து, பூசை போட்டு, கறுப்பு பென்ஸைக் கோயிலிலிருந்து வெளியே எடுத்த நாள் அது. ஐயர் பானட்டில் வைத்த குங்குமம் காய்வதற்குள், அதற்கென்றே வாங்கிய மெத்தென்ற துணியால் கோபாலசாமி அதைத் துடைத்தும் விட்டார். "சாமி கோவிச்சுக்கப் போகுதுங்க" என்றாள் மனைவி வசந்தாமணி. "சாமி மன்னிச்சிடும் அம்மிணி. பெயின்ட் மன்னிக்காது" என்றார் கோபாலசாமி.

அவரிடம் போய் யாரும் "கார் நல்லா இருக்கே" என்று சொல்லிவிடக் கூடாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மறுபடி மாட்டுவார். "காரு வேறங்க. பென்ஸ் வேறங்க" என்பார். அவ்வளவுதான், சொன்னவர் கதி அதோகதி. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு, ஜனவரி இருபத்தொன்பது, மன்ஹைம் நகரம், மூன்று சக்கர வண்டி, கார்ல் பென்ஸ், பேட்டன்ட் நம்பர் மூன்று ஏழு நாலு மூன்று ஐந்து. இதெல்லாம் முன்னுரை. சுகர் லேண்டில் கிரகப்பிரவேசம், வளைகாப்பு, பட்டமளிப்பு என்று ஒரு விசேஷத்தையும் அவர் விட்டதில்லை. துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டில்கூட மூன்று முனை நட்சத்திரத்துக்கு விளக்கம் சொல்லிவிட்டுத்தான் வந்தார். ஒரு முனை தரை, ஒரு முனை தண்ணீர், ஒரு முனை ஆகாயம். இறந்தவரின் மகன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். வேறென்ன செய்வார், பாவம்.

இவ்வளவு பெருமையுள்ள வண்டியை அவர் ஆபீஸுக்கு எடுத்துப்போவார் என்றா நினைக்கிறீர்கள்? ஹூஸ்டன் டவுன்டவுன் பார்க்கிங்கில் எவனாவது கதவைத் திறந்து இடித்துவிட்டால்? ஆகையால் திங்கள் முதல் வெள்ளி வரை பக்கத்து வீட்டு மாதவின் காரில் தொற்றிக்கொண்டு பார்க் அண்ட் ரைடுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடிப்பார். பென்ஸ் வீட்டு கராஜில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். சாவி பூசையறையில் முருகன் படத்துக்குக் கீழே தூங்கும். சனிக்கிழமை குளிப்பாட்டல். ஞாயிற்றுக்கிழமை, மழை இல்லாவிட்டால், மூன்று மைல் உலா.

வசந்தாமணிக்கு லைசென்ஸ் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு வருஷம் பழைய கேம்ரியை ஓட்டியவள். ஆனால் லோக்கல் ரோடு மட்டும். ஃப்ரீவே கூடாது. "நீ ஃப்ரீவேல போனீன்னா எனக்கு பி.பி. ஏறிடும் அம்மிணி" என்று கோபாலசாமி கல்யாணமான புதிதில் சொன்னார். அந்த பி.பி.க்காக அவளும் சரிங்க என்று தலையாட்டிவைத்தாள். ஆகஸ்டில் மகன் இனியன் காலேஜில் சேர்ந்து கேம்ரியை ஆஸ்டினுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் தயிர் தீர்ந்தால்கூட சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கும் தயிரை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். லெதரில் வைக்கக் கூடாது.

இந்த நிலையில்தான் மாமியார் ஊருக்குத் திரும்பும் நாள் வந்தது.

வசந்தாமணியின் தங்கை சண்முகப்ரியா, அறுபது மைல் வடக்கே கான்ரோவில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவம் பார்க்க உடுமலைப்பேட்டையிலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. சண்முகப்ரியாவின் புருஷன் சபரி கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறவன். இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. ஃப்ளைட் நாளன்று அவன் கடலில். அவளோ கைக்குழந்தைக்காரி.

"ஏனுங்க, சனிக்கெழம ராத்திரி எட்டரைக்கு அம்மாவுக்கு ஃப்ளைட்" என்றாள் வசந்தாமணி. "நாமதான் கான்ரோ போயி ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகோணும்."

"எந்த சனிக்கெழம?"

"வர்ற சனிக்கெழமதானுங்க."

"வர்ற சனிக்கெழமயா? அன்னிக்குத்தான் தமிழ்ச் சங்கத்துல என்னோட ஸ்பீச்சு!"

"அது காலைல பதினொரு மணிக்கு முடிஞ்சிரும்ங்களே?"

"முடிஞ்சா? போட்டோ எடுக்கோணும். பிரசிடென்ட் பக்கத்துல உக்காந்து லஞ்ச் சாப்பிடோணும். கேள்வி கேட்டா பதில் சொல்லோணும். அதுவும் போக, உங்கம்மாவுக்கு எத்தன பெட்டி?"

"ரெண்டுங்க."

"கயிறு கட்டுன பெட்டிதான?"

"ஜிப்பு போயிருச்சு. கயிறு கட்டாம எப்படிங்க?"

கோபாலசாமி கண்ணை மூடினார். பென்ஸின் டிக்கியில், மிருதுவான கறுப்பு விரிப்பின் மேல், இருபத்துமூன்று கிலோ பெட்டி இரண்டு, முரட்டுக் கயிறோடு ஏறி உட்காருவதை மனசுக்குள் பார்த்தார். தாங்கவில்லை.

"ஊபர் புக் பண்ணிடலாம் அம்மிணி. நானே பண்ணிடறேன். நல்ல பெரிய வண்டியாவே."

வசந்தாமணி கையிலிருந்த துண்டை மடித்து வைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "எங்கம்மாவுக்கு யெஸ், நோ தவிர இங்கிலீஸ்ல ஒரு வார்த்த தெரியாதுங்க. ரெண்டு மக இருக்கற ஊருல, மொகந்தெரியாத ஆளு வண்டில ஏறி, தனியா போகோணுமா? போற வழியெல்லாம் அழுதுட்டுத்தான் போவாங்க. எனக்குத் தாங்காதுங்க."

"சென்டிமென்ட் வேற, லாஜிஸ்டிக்ஸ் வேற" என்றார் கோபாலசாமி. பைப்லைன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் இருப்பவர். அப்படித்தான் பேசுவார்.

"அப்ப சாவியக் குடுங்க. நானே போறேன்."

ஏழாவது படிக்கும் மகள் வெண்பா போனிலிருந்து தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள்.

"ஃப்ரீவேலயா? பென்ஸ்லயா?" என்றார் கோபாலசாமி. "உனக்கு அந்த வண்டியோட ஹிஸ்டரி தெரியுமா?"

"இருவது வருசமா கேக்கறனுங்க" என்றாள் வசந்தாமணி. அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரச் சத்தம்கூட வரவில்லை. அப்போதே கோபாலசாமி சுதாரித்திருக்க வேண்டும். மனிதர் ஸ்பீச் நினைப்பில் இருந்தார்.

அந்த ஸ்பீச் ஒன்றும் லேசில் கிடைத்ததல்ல. ஆறு வருஷம் கேட்டு வாங்கிய இருபது நிமிஷம். தலைப்பு, 'ஒரு ஜெர்மானிய நிறுவனத்தின் வரலாறும் புகழும்'. ஒரே ஒரு சங்கடம். சங்கத் தலைவர் டாக்டர் சுப்பையன் இருதய வைத்தியர், தமிழ் விஷயத்தில் மட்டும் இருதயம் இல்லாதவர். மேடைப் பேச்சு முழுக்கத் தூய தமிழில் இருக்க வேண்டும். ஓர் ஆங்கில வார்த்தை வாயில் வந்தால் மேசைமேல் இருக்கும் வெண்கல மணியை அடிப்பார். போன வருஷம் ஒருவர் "குட் ஈவினிங், சாரி, வணக்கம்" என்று தொடங்கி, மூன்று மணியோடு இறங்கிவிட்டார். வணக்கத்துக்கு எதற்கு மணி என்று கேட்டதற்கு, தாமதத்துக்கு என்றாராம் டாக்டர்.

கோபாலசாமியோ ஆங்கிலம் கலக்காமல் தண்ணீர் கூடக் கேட்டதில்லை. ஆனால் வீட்டிலேயே ஒரு எம்.ஏ. தமிழ் இருக்கும்போது என்ன கவலை? ஞாயிறுதோறும் சங்கத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவளே வசந்தாமணிதான். ஊபர் பேச்சு நடந்த மறுநாள், சாப்பாட்டு மேசையில் அவளை எழுத உட்காரவைத்தார். அவளும் உட்கார்ந்தாள்.

"எழுதிக்க அம்மிணி. எய்ட்டீன் எய்ட்டி சிக்ஸ், ஜனவரி ட்வென்ட்டி நைன்..."

"அதெல்லாம் எனக்கு மனப்பாடம்ங்க. அவுரு வீட்டுக்காரம்மா என்ன பண்ணுனாங்க?"

"எவுரு வீட்டுக்காரம்மா?"

"கார்ல் பென்ஸுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சில்லங்க?"

"ஆயிருந்துச்சு. அந்தம்மா கூடமாட ஒத்தாசையா இருந்தாங்க. அது சப்ஜெக்ட் இல்ல. நீ இன்ஜினுக்கு வா."

"என்ன ஒத்தாசைங்க?"

"ஒருநாள் வண்டிய எடுத்துட்டு எங்கியோ போயிட்டு வந்தாங்க. மைனர் இன்சிடென்ட். எழுதாத."

வசந்தாமணி எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தாள். "நீங்க வேலயப் பாருங்க. நானே தேடிப் பாத்து, பக்கம் பக்கமா எழுதி, பெரிய எழுத்துல பிரின்ட் எடுத்து வச்சிடறேன். படமெல்லாம் வெண்பா ரெடி பண்ணிடுவா" என்றாள்.

எழுதி முடித்ததை அவர் ஒருதரம் படித்துப் பார்த்திருக்கலாம். "இருவது வருசமா சொல்ற கத. எனக்கு எதுக்கு ரிகர்சல்?" என்று விட்டுவிட்டார். இன்னொன்றும் உண்டு. தமிழ் எழுத்தைக் கோபாலசாமி தடங்கல் இல்லாமல் வாசிப்பார். கண் பார்க்கும், வாய் சொல்லும். அர்த்தம் மட்டும் ஐந்து வினாடி கழித்து வந்து சேரும்.

சனிக்கிழமை வந்தது. பட்டு வேட்டியில் கோபாலசாமி மேடை ஏறினார். இருநூறு பேர். முன்வரிசையில் வசந்தாமணி, பக்கத்தில் அவள் சிநேகிதி பிரீத்தி. ஓரமாக, லேப்டாப்போடு வெண்பா. டாக்டர் சுப்பையன் மணியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

முதல் ஐந்து நிமிஷம் ராஜபாட்டை. மன்ஹைம் வந்தது, பேட்டன்ட் என்பது 'காப்புரிமை' என்று வந்தது, மூன்று சக்கரமும் வந்தது. மணி வாயைத் திறக்கவில்லை. கோபாலசாமிக்குக் குரல் ஏறியது.

"ஆயினும் அன்பர்களே, அவ்வூர்தியை வாங்குவாரில்லை. கார்ல் பென்சோ அதனை வெளியே ஓட்டிக் காட்டவும் தயங்கினார். கொட்டகைக்குள் வைத்து மேலும் மேலும் செப்பம் செய்துகொண்டே இருந்தார்."

முன்வரிசையில் ஒரு சிரிப்பு. என்ன சிரிப்பு என்று கோபாலசாமிக்குப் புரியவில்லை. ஐந்து வினாடி ஆகவில்லையே. அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"அவர்தம் துணைவியார் பெர்த்தா அம்மையார், திருமணத்திற்கு முன்பே தம் சீதனத்தைக் கணவர் தொழிலுக்குத் தந்தவர். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டாம் ஆண்டு, ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, கணவரிடம் ஒரு சொல்லும் கேளாமல், மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, அவ்வூர்தியைத் தாமே செலுத்திப் புறப்பட்டார். எங்கே? தம் தாய்வீட்டிற்கு!"

பெண்கள் பக்கம் கைதட்டல் பட்டாசாக வெடித்தது. கைதட்டினால் எந்தப் பேச்சாளருக்கும் நெஞ்சு விரியும். கோபாலசாமிக்கும் விரிந்தது. இன்னும் உரக்க வாசித்தார். அறுபத்தைந்து மைல். எரிபொருள் குழாய் அடைத்தபோது அம்மையார் தொப்பி ஊசியால் குத்தி நீக்கியது. எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றியது. தடுப்புக்கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கியது. ஊர் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். டாக்டர் சுப்பையனே தட்டினார்.

"அன்றுதான் உலகம் அவ்வூர்தியை நம்பியது. ஆகவே அன்பர்களே, இந்நிறுவனத்தின் புகழ், மனைவி தாய்வீடு சென்றதால் வந்த புகழ்! இதனை உணர்ந்த யான், வாய்ச்சொல்லோடு நில்லாது, இம்மேடையிலேயே, என் மகிழுந்தின் திறவுகோலை என் இல்லத்தரசி வசந்தாமணியிடம்..."

ஐந்து வினாடி முடிந்தது. அர்த்தம் வந்து சேர்ந்தது.

கோபாலசாமி நிறுத்தினார். சபையைப் பார்த்தார். வசந்தாமணி மடியில் கையை வைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கும் பையனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆக்சுவலி..." என்றார் கோபாலசாமி.

டிங்.

"இல்ல, இந்த ஸ்கிரிப்ட்ல ஒரு..."

டிங்.

"சாரிங்க, நான் என்ன சொல்ல வர்றன்னா, பிராக்டிகலா..."

டிங். டிங்.

அவருக்குத் தெரிந்த ஆட்சேபணை எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழில் இருந்தது கையிலிருந்த காகிதம் ஒன்றுதான். பின்னால் திரும்பினார். திரையில் ஒரு பெரிய சாவியின் படம். கீழே, 'சாவி ஒப்படைக்கும் நிகழ்வு'. வெண்பா வாயருகே கை வைத்து, "Appa, just read it. Everybody's waiting" என்றாள். டாக்டர் சுப்பையன் மணிக்குக் கையை நீட்டி, குழந்தையாயிற்றே என்று விட்டுவிட்டார்.

"...வசந்தாமணியிடம் ஒப்படைக்கிறேன்" என்று வாசித்தார் கோபாலசாமி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இன்று தாயகம் திரும்பும் தம் அன்னையை அவரே வானூர்தி நிலையம் அழைத்துச் செல்வார். பெட்டிகள் இரண்டும், கயிறு உட்பட, என் மகிழுந்திலேயே ஏற்றப்படும். நன்றி, வணக்கம்."

சபை எழுந்து நின்று தட்டியது. நான்கு அம்மாள்கள் தத்தம் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் சுப்பையன் பொன்னாடை போர்த்தி, "சங்க வரலாற்றிலேயே பேசியதை அந்த இடத்திலேயே செய்து காட்டியவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார். வசந்தாமணி மேடையேறி, புருஷன் காலைத் தொட்டுக் கும்பிட்டு, இரண்டு கையாலும் சாவியை வாங்கிக்கொண்டாள். அந்தக் கும்பிடுதான் கோபாலசாமியை ரொம்பவும் பாதித்தது.

வெளியே போய்ச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அதுவும் போயிற்று. வழியனுப்ப முப்பது பெண்கள் பார்க்கிங்கில் நின்றார்கள். "அண்ணா, யூ ஆர் கிரேட்" என்றாள் பிரீத்தி. வெண்பாவைச் சாயங்காலம்வரை தானே பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாள். கோபாலசாமி முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, வாங்கி ஏழு மாதத்தில் முதல் தடவையாக, ஸ்டீயரிங் இல்லாத பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மனசுக்குள் பெர்த்தா அம்மையாரைத் திட்டினார். அப்புறம், கம்பெனிக்காரர் குடும்பமாயிற்றே என்று நிறுத்திக்கொண்டார்.

வசந்தாமணி கதவோரம் ஒரு பொத்தானை அழுத்தினாள். சீட் சத்தமில்லாமல் முன்னால் நகர்ந்தது, கொஞ்சம் உயர்ந்தது, நின்றது. கண்ணாடிகள் தாமாகத் திரும்பின. கச்சிதமாக அவள் அளவு.

கோபாலசாமிக்கு அந்தத் துக்கத்திலும் உடம்பு சிலிர்த்தது. "பாத்தியா அம்மிணி? ஆளப் பாத்தே ஒயரத்தக் கணக்குப் போடுது! இதுதான் ஜெர்மன் மூள."

"ஆமாங்க. நல்ல கம்பெனி" என்றாள் வசந்தாமணி.

திரையைத் தொட்டாள். முதல் வரியிலேயே கான்ரோ விலாசம் வந்து நின்றது. "மனசுல நெனைக்கறதக் கண்டுபிடிக்குது!" என்றார் கோபாலசாமி. ஐம்பத்தொன்பதாம் நம்பர் ஃப்ரீவேயில் ஏறும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். திறந்தபோது வண்டி ஒரு லாரிக்கும் ஒரு டிரக்குக்கும் நடுவே, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கி, எழுபது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் ஓட்டினாள். "நீ பயப்படாத. எல்லாத்தையும் வண்டியே பாத்துக்கும்" என்று தைரியம் சொன்னார். நாற்பத்தைந்தாம் நம்பர் ஃப்ரீவேக்கு மாறுகிற சிக்கலான இடத்தில், போர்டு வருவதற்கு முன்பே அவள் லேன் மாறினாள். "அடேங்கப்பா, என்னா சாஃப்ட்வேர்!" என்றார். கான்ரோ போய்ச் சேர்வதற்குள் பாதி துக்கம் ஆறிவிட்டது. மனைவிக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி. நல்ல வண்டிதான் வாங்கியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

சண்முகப்ரியா குழந்தையோடு வாசலில் நின்றாள். மாமியார் இரண்டு பெட்டிகளோடு தயாராக இருந்தார். மகளைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வசந்தாமணியும் அழுதாள். அதைப் பார்த்ததும் கோபாலசாமிக்கு என்னவோ போல ஆகிவிட்டது. ஊபர் என்று சொன்ன வாயை அடித்துக்கொள்ளலாமா என்றுகூட இருந்தது. யாரும் கேட்காமலே இறங்கிப் போய், பெட்டிகளைத் தானே தூக்கி, தன் பொன்னாடையை டிக்கியில் விரித்து, அதன்மேல் வைத்தார். கயிறு எங்கேயும் உரசவில்லை. கதவை மெல்லச் சாத்தினார். நெஞ்சு லேசாக இருந்தது.

திரும்பி வந்து முன்கதவைத் திறந்தார். அங்கே மாமியார் ஏற்கனவே உட்கார்ந்து, பெல்ட் மாட்டி, முதுகுச் சூட்டுக்கான பொத்தானைத் தேடாமல் கொள்ளாமல் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, மரியாதையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பொறகால உக்காந்துக்குங்க மாப்ள, கோவிச்சுக்காதீங்க. செவ்வாக்கெழமைக்குச் செவ்வாக்கெழம வசந்தா இந்த வண்டில கூட்டிட்டுப் போறப்பவெல்லாம் நான் முன்னாலதானுங்க உக்காருவேன்."